அம்பாசடர், ஃபியட், ஹெரால்டு: அழகு எது, உழைப்பு எது?



இது கொஞ்சம் நீளமான பதிவு. ஞாயிற்றுக்கிழமைதானே, காபியை வைத்துக்கொண்டு பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் ஒரு ஒப்புதல். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் பல வருடங்கள் ஒரு விஷயத்தைத் தவறாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். தொழிற்சாலைகள் பாடம் வரும்போதெல்லாம் கரும்பலகையில் மூன்று ஊர்களை எழுதிப் போடுவேன். உத்தர்பாரா என்றால் அம்பாசடர், பம்பாய் என்றால் ஃபியட், சென்னை என்றால் ஸ்டாண்டர்டு. எழுதிவிட்டு, "இதெல்லாம் நம்ம நாட்டு வண்டி. வெளிநாட்டுக்காரன் வண்டியைவிடக் கெட்டி. அதிலும் அம்பாசடர் இரும்புக் கோட்டை" என்று சொல்லி முடிப்பேன். பிள்ளைகள் கையைத் தட்டுவார்கள்.

போன மாதம் திண்டிவனத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் பக்கத்து இலையில் என் பழைய மாணவர் ஒருவர். இப்போது ஐம்பது வயது இருக்கும். சொந்தமாக கார் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார்.

"சார், அம்பாசடர் இரும்புக் கோட்டைன்னு சொல்லிக் கொடுத்தீங்களே, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு தம்பி. அதுல என்ன தப்பு?"

"வண்டி கெட்டி இல்ல சார். அதை உருட்டிக்கிட்டு இருந்த நாங்கதான் கெட்டி."

சொல்லிவிட்டு ரசத்துக்குக் கையைக் காட்டினார். எனக்குப் பாயசம் இறங்கவில்லை. வீட்டுக்கு வந்து, பழைய பத்திரிகைகள், புத்தகங்கள், கைக்குக் கிடைத்ததையெல்லாம் எடுத்துப் படித்தேன். சந்தேகம் வந்த இடத்தில் அவருக்கே போன் போட்டும் கேட்டேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

"நம்ம நாட்டு வண்டி" என்று சொன்னேன் இல்லையா, அதை முதலில் பார்ப்போம்.

அம்பாசடரின் உடம்பு இங்கிலாந்தில் பிறந்தது. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசை என்று பெயர். ஆக்ஸ்ஃபோர்டு நகரை ஒட்டிய கவ்லியில் 1956-இல் செய்ய ஆரம்பித்தார்கள். பிர்லா குடும்பத்தின் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1942-இல் தொடங்கிய கம்பெனி. முதலில் குஜராத்தில் ஓகா துறைமுகத்தில் இருந்தது, பிறகு கல்கத்தாவுக்குப் பக்கத்தில் ஹூக்ளி நதிக்கரை உத்தர்பாராவுக்கு வந்தது. அவர்கள் ஏற்கெனவே மோரிஸ் வண்டிகளைத்தான் வேறு பெயரில் செய்துகொண்டிருந்தார்கள். லேண்ட்மாஸ்டர் என்று ஒன்று ஓடியது பெரியவர்களுக்கு நினைவிருக்கும். 1950-களின் கடைசியில் அம்பாசடர் வந்தது. இங்கிலாந்துக்காரர்கள் அந்த வடிவத்தை 1959-லேயே நிறுத்திவிட்டு வேறு வண்டிக்குப் போய்விட்டார்கள். நாம் 2014 மே மாதம் வரை செய்தோம். அங்கே மூன்று வருடம், இங்கே ஐம்பது வருடத்துக்கு மேல்.

ஃபியட் இத்தாலிக்காரர்களுடையது. 1953-இல் ஜெனீவா கண்காட்சியில் 1100 என்ற வண்டியைக் காட்டினார்கள். வால்சந்த் ஹிராசந்த் 1944-இல் தொடங்கிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ், பம்பாய் குர்லாவில் அதைக் கோர்த்து ஓட்ட ஆரம்பித்தது. நமக்கெல்லாம் பழக்கமான அந்தச் சதுர முகம், 1964 வாக்கில் வந்த 1100 டி வடிவம். இத்தாலியில் அது 1966-இல் முடிந்துவிட்டது. இங்கே 1970-களில் ஃபியட் என்ற பெயர் போய், பிரீமியர் பிரசிடென்ட் ஆகி, பிறகு பத்மினி ஆனது. சித்தூர் ராணி பத்மினியின் பெயர். 2000-ஆவது வருடம் வரைக்கும் அதே வண்டிதான்.

மூன்றாவது நம்ம ஊர் வண்டி, ஸ்டாண்டர்டு ஹெரால்டு. திண்டிவனத்திலிருந்து சென்னைக்கு பஸ்ஸில் போனவர்கள் ஜி.எஸ்.டி. ரோட்டில் வண்டலூர், பெருங்களத்தூர் பக்கம் அந்தத் தொழிற்சாலையைப் பார்த்திருப்பீர்கள். இங்கிலாந்தில் டிரையம்ஃப் ஹெரால்டு என்று 1959-இல் வந்தது. சென்னையில் 1961-இல். அதன் உருவத்தை வரைந்தவர் டியூரின் நகரத்து ஜியோவன்னி மிச்செலோட்டி. அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் பெரிய பெயர் எடுத்த வடிவமைப்பாளர்.

ஆக மூன்று வண்டிகளுக்கும் தாய்வீடு வேறு. நான் கரும்பலகையில் எழுதியதில் ஊர்ப் பெயர்கள் சரி, "நம்ம நாட்டு" என்ற வார்த்தைதான் அரைகுறை.

அடுத்தது அழகு.

அம்பாசடர் உருண்டை. கூரை உயரம். வேட்டி கட்டினவர் குனியாமல் ஏறி உட்காரலாம். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே 97 அங்குலம். முன்சீட்டு ஒரே பெஞ்சு, கியர் ஸ்டியரிங் பக்கத்தில் இருக்கும். அதனால் டிரைவரோடு சேர்த்து முன்னால் மூன்று பேர், பின்னால் நான்கு பேர், மடியில் குழந்தைகள். ஒரு குடும்பமே திருப்பதி போய் வரும். மார்க் 2, மார்க் 3, மார்க் 4 என்று புதிது புதிதாக வந்ததாகச் சொல்வார்கள். முன்பக்க கிரில்லையும் விளக்கையும் மாற்றுவார்கள். கூரை, கதவு, டிக்கி எல்லாம் பழையபடிதான். முகத்துக்கு மட்டும் பவுடர் போட்ட மாதிரி.

ஃபியட் ஒடிசலான வண்டி. 92 அங்குலம்தான். கோடுகள் நேராக இருக்கும், பின்பக்கம் இரண்டு ஓரத்திலும் சின்னதாக வால் மாதிரி எழுந்து நிற்கும். அமெரிக்கக் கார்களில் அப்போது இருந்த மோகத்தை இத்தாலிக்காரர்கள் அளவாக எடுத்துக்கொண்டார்கள். எங்கள் ஊரில் டாக்டர், வக்கீல் என்றால் ஃபியட். வாடகைக்கு, அரசாங்கத்துக்கு, கல்யாணத்துக்கு என்றால் அம்பாசடர். அதற்கு முந்தைய ஃபியட்டில் முன்கதவின் கீல் பின்பக்கம் இருக்கும். கதவைத் திறந்தால் தபால்பெட்டி திறக்கிற மாதிரி எதிர்ப்பக்கமாக விரியும். புடவை கட்டினவர்களுக்கு இறங்க வசதி, ஓடும்போது தாழ் விட்டுப்போனால் காற்று கதவைப் பிடித்து இழுத்துவிடும்.

மூன்றிலும் அழகு எது என்று என்னைக் கேட்டால் யோசிக்காமல் ஹெரால்டு என்பேன். கூர்மையான ஓரங்கள், பெரிய கண்ணாடிகள், மெல்லிய தூண்கள். உள்ளே உட்கார்ந்தால் நாலாபக்கமும் தெரியும். 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். சந்துக்குள் போய்த் திரும்ப அதற்கு நிகர் கிடையாது. பானெட்டைத் தூக்கினால் முன் மட்கார்டுகளோடு சேர்த்து மொத்தமாக முன்னால் சாயும். மெக்கானிக் டயர் மேலேயே உட்கார்ந்து என்ஜின் வேலை பார்க்கலாம்.

அப்படி அமைந்ததற்கு ஒரு காரணம் உண்டு. 1950-களில் இங்கிலாந்தில் கார் உடம்பு செய்து தருகிற ஃபிஷர் அண்ட் லட்லோ கம்பெனியை, மோரிஸைத் தன்னுள் வைத்திருந்த பி.எம்.சி. வாங்கிவிட்டது. ஸ்டாண்டர்டுக்கு ஒரே துண்டாக உடம்பு செய்து தர ஆளில்லை. அதனால் கீழே தனி சேசிஸ் போட்டு, மேலே உடம்பைத் துண்டு துண்டாகச் செய்து போல்ட் போட்டு முடுக்கினார்கள். போட்டிக்காரனால் வந்த நெருக்கடி வண்டியின் வடிவத்தையே தீர்மானித்தது. துண்டுகளாக அனுப்பி வேறு நாடுகளில் கோர்க்கவும் அது வசதியாகப் போயிற்று.

இன்னொன்று சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் ஹெரால்டுக்கு இரண்டு கதவுதான், கடைசிவரை நான்கு கதவு வரவில்லை. சென்னையில் முதலில் இரண்டு கதவோடு ஓட்டிப் பார்த்து, பாட்டியும் பேரனும் முன்சீட்டை மடக்கிப் பின்னால் ஏறும் அவஸ்தையைப் பார்த்து, பிற்பாடு நான்கு கதவு வைத்தார்கள். நம் பொறியாளர்கள் சொந்தமாக யோசித்துச் செய்த வேலை அது. இந்த நான்கு கதவைப் பற்றி நான் வகுப்பில் ஒரு நாளும் சொன்னதில்லை. எனக்கே தெரியாது.

இப்போது முக்கியமான கேள்வி. இந்த வடிவங்கள் ஏன் மாறவே இல்லை?

1953-இல் சுங்கவரி ஆணையம் ஒரு பரிந்துரை செய்தது. இங்கேயே படிப்படியாக உற்பத்தி செய்யத் திட்டமுள்ள கம்பெனிகள் மட்டும் இருக்கலாம், வெறுமனே பாகங்களை இறக்குமதி செய்து கோர்ப்பவர்கள் போகலாம் என்று. பம்பாயில் ஜெனரல் மோட்டார்ஸும், ஃபோர்டும் கடையைக் கட்டின. மிச்சம் இருந்தவர்களுக்கு லைசென்ஸ். வருடத்துக்கு இத்தனை வண்டி என்று அரசாங்கம் எழுதிக் கொடுக்கும். புது வடிவம் வேண்டுமென்றால் புது அச்சு வேண்டும், அச்சுக்கு அந்நியச் செலாவணி வேண்டும், அதற்கு அனுமதி வேண்டும். 1969-இல் கார் விலையையே அரசாங்கம் நிர்ணயித்தது. அது உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனது. வாங்குகிறவர் பணம் கட்டிப் பதிந்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். காத்திருக்க முடியாதவர் புது வண்டியின் விலைக்கு மேலே கொடுத்துப் பழைய வண்டி வாங்கினார்.

கம்பெனிக்கு எதைச் செய்தாலும் விற்கும். எதற்காக மாற்ற வேண்டும்?

இதுவரை எழுதியதைப் படித்தால், அந்தக் காலம் முழுக்கவே தப்பு என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் என் மாணவரிடம் பேசியபோது இன்னொரு பக்கம் தெரிந்தது.

"வண்டி கெட்டி இல்லேன்னா எப்படிப்பா நாற்பது வருஷம் ஓடிச்சு?" என்று கேட்டேன்.

அவர் அடுக்கிக்கொண்டே போனார். பாயிண்ட் தேயும், அடிக்கடி ராவி இடைவெளி வைக்க வேண்டும். கார்பரேட்டரைக் கழற்றி ஊதிச் சுத்தம் செய்ய வேண்டும். அடியில் படுத்து ஒவ்வொரு மூட்டிலும் கிரீஸ் அடிக்க வேண்டும். சில வருடத்துக்கு ஒரு முறை ஹெட்டை இறக்கி டீகார்பன். அப்புறம் ரிங் மாற்றுவது, அப்புறம் ரீபோர். மழைக்காலம் முடிந்தால் கதவின் அடிப்பக்கம், தரைத் தகடு, டிக்கி மூலை எல்லாம் துரு. டிங்கர் வந்து வெட்டி எடுத்துப் புதுத் தகடு ஒட்டி, பட்டி பார்த்து, பெயிண்ட் அடிப்பார். பெட்ரோல் விலை ஏறினபோது பல பேர் பெட்ரோல் என்ஜினையே இறக்கிவிட்டு ஏதோ ஒரு வேனின் டீசல் என்ஜினைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள்.

"ஆர்.சி. புக்குல 1968-னு இருக்கும் சார். வண்டியில 1968-ல செஞ்சது எதுன்னு கேட்டா, நம்பர் பிளேட்டுகூடக் கிடையாது."

ஓட்டு வீட்டுக்கு வருடா வருடம் ஓடும் ரீப்பரும் மாற்றிக்கொண்டே இருந்துவிட்டு, நூறு வருடத்து வீடு என்று பெருமையாகச் சொல்வோமே, அந்தக் கதைதான்.

ஆனாலும் அந்த ஓடு கிடைத்ததே, அதற்குக் காரணம் என்ன? வடிவம் மாறாததுதான். 1965-ஆம் வருடத்து வண்டியில் உடைந்த பாகத்துக்கு 1985-இல் செய்த பாகம் பெரும்பாலும் பொருந்தும். அதனால் ஊருக்கு ஒரு பட்டறையில் பாகம் இருந்தது. இல்லாவிட்டால் சென்னை ஜி.பி. ரோடு, அங்கேயும் இல்லாவிட்டால் புதுப்பேட்டை. அதுவும் இல்லாவிட்டால் லேத் பட்டறையில் கடைந்து கொடுப்பார்கள். பத்தாவது தாண்டாத பையன்கூட இரண்டு வருடம் பட்டறையில் நின்றால் முழு என்ஜினையும் பிரித்து மாட்டக் கற்றுக்கொண்டான். இருபது வருடம் கழித்தும் அந்தப் படிப்பு செல்லுபடியாயிற்று.

அடிப்படை வேலைப்பாடு மோசம் என்றும் சொல்லிவிட முடியாது. அம்பாசடரில் இருந்த 1489 சி.சி. என்ஜின் பி.எம்.சி.யின் பி வரிசை. அதே குடும்பத்து 1489 சி.சி. என்ஜினைத்தான் இங்கிலாந்தில் எம்.ஜி.ஏ. என்ற பந்தய ரக வண்டியிலும் வைத்திருந்தார்கள். கனமான வார்ப்பிரும்பு, எளிய அமைப்பு. பின்னால் பட்டை ஸ்பிரிங். நம்ம ஊர்ப் பள்ளத்துக்கு அது சரியாக இருந்தது. ஃபியட்டுக்கு 1089 சி.சி. இலகுவான வண்டி என்பதால் அது போதும். பட்டணத்துச் சாலையில் ஓட்டச் சுகம். கல்கத்தா டாக்சி அம்பாசடர் ஆனதும், பம்பாய் டாக்சி ஃபியட் ஆனதும் தற்செயல் இல்லை. அந்தந்த ஊரில் தொழிற்சாலை இருந்தது, பாகம் இருந்தது, கை பழகிய மெக்கானிக் இருந்தார். பம்பாயில் கடைசி பத்மினி டாக்சி 2003-இல் பதிவானது. இருபது வருட வயது வரம்பு முடிந்து 2023 அக்டோபரில் அதுவும் தெருவைவிட்டுப் போனது.

அழகான ஹெரால்டு இந்தப் பரீட்சையில் பின்தங்கியது. அதன் என்ஜின் 948 சி.சி. பின்சக்கரங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியே ஏறி இறங்கும் அமைப்பு. நல்ல சாலையில் சொகுசு. குண்டும் குழியுமான சாலையில் முழுக் குடும்பத்தையும் மூட்டையையும் ஏற்றிக்கொண்டு ஓடினால் தாங்கவில்லை. 1970-களில் ஸ்டாண்டர்டு கெசல் என்று மாற்றியபோது, அந்தத் தனித்தனி அமைப்பை எடுத்துவிட்டுச் சாதாரணமாக ஒரே அச்சு வைத்தார்கள். கெசலும் அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் நின்றது.

அதே சென்னைத் தொழிற்சாலை 1985-இல் இன்னொரு முயற்சி செய்தது. ஸ்டாண்டர்டு 2000. இங்கிலாந்தின் ரோவர் எஸ்.டி.1 உடம்பு. 1977-இல் ஐரோப்பாவின் சிறந்த கார் என்று பரிசு வாங்கிய வண்டி. அவ்வளவு அழகான கார் அதுவரை இந்தியாவில் செய்யப்பட்டதில்லை என்றே சொல்லலாம். ஆனால் உள்ளே வைத்த என்ஜின், 1940-களின் கடைசியில் வந்த ஸ்டாண்டர்டு வான்கார்டு வம்சத்து இரண்டு லிட்டர் என்ஜின். பட்டுச் சேலைக்குள் பழைய உள்பாவாடை. விலையோ எட்டாத உயரம். ஊர்ப் பட்டறைகளில் அதற்குப் பாகமும் இல்லை, பழகின கையும் இல்லை. 1988-இல் நின்றது. நாற்பது வருடமாகக் கார் செய்த தொழிற்சாலை அதோடு அடங்கியது. பிறகு அந்த வழியாக பஸ்ஸில் போகும்போதெல்லாம் மூடிய கேட்டைப் பார்ப்பேன். என் கரும்பலகையில் மட்டும் அதற்கப்புறமும் சில வருடம் "சென்னை - ஸ்டாண்டர்டு" இருந்தது. பாடத்தை மாற்ற எனக்குத் தோன்றவில்லை. நான் மட்டும் அம்பாசடரைக் குறை சொல்ல என்ன யோக்கியதை?

1990-இல் மாருதி 1000 வந்தது. 1994-இல் எஸ்டீம். 1998-இல் ஹோண்டா சிட்டி. 1999-இல் நம்ம இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் ஆக்சென்ட், மறைமலைநகரிலிருந்து ஃபோர்டு ஐகான். ஸ்டாண்டர்டு மூடிய அதே ஜி.எஸ்.டி. ரோட்டில் கொஞ்ச தூரம் தள்ளி மறுபடி கார் உற்பத்தி. இவற்றில் பின்னால் வந்த வண்டிகளில் பாயிண்ட் இல்லை, கார்பரேட்டர் இல்லை. எண்ணெய் மாற்றினால் போதும், லட்சம் கிலோமீட்டர் தாண்டியும் ஹெட்டைத் திறக்க வேண்டியதில்லை. தகட்டை முழுசாக மருந்துத் தொட்டியில் முக்கி எடுத்துப் பெயிண்ட் அடிப்பதால் துருவும் குறைவு. உழைப்பு என்றால் அது இதுதான். ஆனால் சில வருடத்துக்கு ஒரு முறை வடிவம் மாறும். விளக்கு உடைந்தால் விளக்கையே மொத்தமாக மாற்ற வேண்டும், ராவி ஒட்ட வழியில்லை.

"அப்ப வண்டி அடிக்கடி கெடும், சுலபமா சரி பண்ணிடுவோம். இப்ப கெடவே கெடாது, கெட்டா சரி பண்ண முடியாது" என்றார் என் மாணவர். அவருக்கு அதில் வருத்தமும் இருக்கிறது. அவர் பிழைப்பு அல்லவா?

"இரும்புக் கோட்டை" என்ற வார்த்தையைப் பற்றியும் சொல்ல வேண்டும். தகடு கனமாக இருந்தால் பாதுகாப்பு என்று நான் உட்பட எல்லாரும் நம்பினோம். மோதலில் வண்டியின் முன்பக்கம் நசுங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ள வேண்டும், ஆள் இருக்கும் கூடு நசுங்கக் கூடாது. இந்த முறையில் மெர்சிடீஸ் 1959-லேயே வண்டி செய்துவிட்டது. மூன்று இடத்தில் பிடிக்கும் சீட் பெல்ட்டை வோல்வோ அதே 1959-இல் கொண்டுவந்தது. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையை இங்கிலாந்து நிறுத்தியதும் அதே வருடம்தான். உலகம் அந்த வருடம் திருப்பிய பக்கத்தை நாம் பல பத்தாண்டுகள் திருப்பவில்லை. கனத் தகடு வண்டியைக் காப்பாற்றியது, உள்ளே இருந்தவரை அல்ல. "பாருங்க, வண்டிக்கு ஒண்ணும் ஆகல" என்று விபத்து நடந்த இடத்தில் பெருமையாகச் சொன்னவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

அதனால் என் பழைய பாடத்தை இப்படித் திருத்திக்கொள்கிறேன்.

அழகில் ஹெரால்டு முதல். ஓட்டும் சுகத்தில் ஃபியட். இடவசதியிலும் பள்ளம் மேடு தாங்குவதிலும் அம்பாசடர். மூன்றும் வெளியிலிருந்து வந்த வடிவங்கள். அவை நீண்ட நாள் நின்றதற்குப் பாதிக் காரணம் வேறு வழியில்லாத சட்டம். மறுபாதி, அடியில் படுத்துக் கிரீஸ் அடித்தவர், லேத்தில் கடைந்தவர், துருவை வெட்டித் தகடு ஒட்டியவர். அவர்கள் பெயர் எந்தப் பாடத்திலும் இல்லை. என் கரும்பலகையிலும் இல்லை.

என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவர்கள் இதைப் படித்தால், அன்றைக்கு எழுதிக்கொண்டதை அடித்துவிட்டு இதை எழுதிக்கொள்ளுங்கள். என் மாணவருக்கும் அனுப்பியிருக்கிறேன். "படிச்சேன் சார். கெசல்ல ஒரே அச்சு வெச்சதைச் சரியா எழுதியிருக்கீங்க" என்று பதில் போட்டார். மற்றதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஒரு சரி போட்டாரே, அது போதும் எனக்கு.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ ஹெரால்டு வைத்திருந்தவர்கள் யாராவது உண்டா? நான்கு கதவா, இரண்டு கதவா? அதை யார் ரிப்பேர் பார்த்தார்கள்? அவர் பெயர் நினைவிருந்தால் மறக்காமல் ஒரு வரி எழுதுங்கள்.